ஆறு வாரத்து மாத்திரை

அந்த மருந்துத் தொழிற்சாலையில் அவளுக்குக் கழுகு என்று பட்டப்பெயர். மாத்திரை அட்டைகள் பெல்ட்டில் வரிசையாக ஓடி வரும். ஏதாவது ஒரு குழி காலியாக இருந்தால் அவள் கை தானாக நீண்டு அந்த அட்டையை வெளியே எடுத்துப் போட்டுவிடும். மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதை அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிடித்துவிடுவாள். பதினொரு வருடமாக இதே வேலை. இப்பேர்ப்பட்டவள்தான் சொந்த வீட்டில் ஏமாந்தாள்.

ஏழு வயது மகளின் உச்சந்தலையில் முடி கொட்டி ஒரு வட்டம் விழுந்தது. செதில் செதிலாக உரிந்தது, ஓயாத அரிப்பு. தலையில் வந்த படர்தாமரை என்றார் டாக்டரம்மா. ஷாம்பு மட்டும் போட்டால் போகாது, பூஞ்சை முடிக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருக்கிறது, மாத்திரைதான் அதை உள்ளே போய்ப் பிடிக்கும் என்றார். தினம் ஒன்று, மதியம் சாப்பிட்ட பிறகு, ஆறு வாரம். சிலருக்கு எட்டு வாரமும் பிடிக்கும். இரண்டு வாரத்தில் அரிப்பு நின்றுவிடும், அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள், எல்லோரும் கோட்டை விடுவது அங்கேதான் என்று இரண்டு முறை சொன்னார். முடி அதற்கும் பிறகு நிதானமாகத்தான் முளைக்குமாம். புண்ணாகிச் சீழ் வைத்துவிட்டால் அந்த இடத்தில் முளைக்காமலே போனாலும் போகுமாம். 

மதியத்தில் அவள் வேலையில் இருப்பாள். கணவன் வீட்டு முன்னறையிலேயே மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்ப்பவன். மகள் என்றால் உயிர். பொறுப்பை அவனிடம் விட்டாள். சாயங்காலம் வந்ததும் வராததுமாக அலமாரியைத் திறந்து அட்டையைப் பார்ப்பாள். அன்றைய குழி காலியாக இருக்கும். அப்பாடா என்று அப்புறம்தான் முகம் கழுவப் போவாள். அட்டையை விட்டுப் போன மாத்திரை குழந்தையின் வயிற்றுக்குத்தான் போயிருக்கும் என்று அவள் நினைத்தாள். நாள் முழுக்க அட்டையையே பார்க்கிறவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

சொன்னபடி இரண்டு வாரத்தில் அரிப்பு நின்றது. ஐந்தாம் வாரம் மறுபடி தொடங்கியது, வட்டமும் பெரிதானது. பொறுமை வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறு வாரம் முடிந்து போனபோது டாக்டரம்மா செதிலைச் சுரண்டிப் பரிசோதித்துவிட்டு, பூஞ்சை இருந்த இடத்திலேயே இருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. "ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டர். எங்க வீட்டுக்காரர் மணி பாத்துக் குடுப்பாரு. நீங்க வேணும்னா வேற யாரையாவது இப்படிக் கேளுங்க."

வழியெல்லாம் டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தாள். வீட்டில் நுழைந்ததும் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் தன்னைவிட அதிகமாகக் குதிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவனோ இறுகிப்போன ஒரு திருகாணியையே மேலும் இறுக்கிக்கொண்டிருந்தான். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மகள்தான் சிரித்தாள்.

"அப்பா அன்னிக்கே சொன்னாரும்மா, அம்மா ஒன்னையப் பாக்க மாட்டா, அட்டையத்தான் பாப்பான்னு."

அவன் எழுந்து போய் ஆணி டப்பாவை எடுத்து வந்து கவிழ்த்தான். எதையும் தூக்கிப்போட மனம் வராதவன். இருபத்தெட்டு மாத்திரைகள். மூன்றாம் வாரம் குழந்தை வயிற்றைப் புரட்டுகிறது என்று அழுதாளாம், அரிப்புதான் போய்விட்டதே என்று நிறுத்திவிட்டானாம். மனைவியிடம் சொன்னால் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள் என்று தினம் ஒன்றைப் பிதுக்கி டப்பாவில் போட்டானாம்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்," என்றான்.

கட்டியவன் பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பாள். பிள்ளையையும் அல்லவா கூட்டுச் சேர்த்துக்கொண்டான்! நான்கு வாரமாகச் சாயங்காலம் அவள் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அதை நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. இனிமேல் ஒழுங்காகக் கொடுக்கிறேன், என்னை நம்பு என்று அவன் கெஞ்சினான்.

"எனக்குத் தலைவலின்னா மாத்திர எடுத்துத் தர்றதும் நீங்கதானே. இனிமே அதையும் நானே எடுத்துக்கிறேன்," என்றாள்.

மறுநாள் டாக்டரிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. வயிற்றைப் புரட்டினால் என்னிடம் வந்து சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். முடி முழுசாக வருமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அவள் தொழிற்சாலையில் கேட்டு ஷிஃப்டை மாற்றிக்கொண்டாள்.

முதல் நாள் மதியம் சோறு ஊட்டி, ஒரு டம்ளர் பாலோடு மாத்திரையை மகள் கையில் வைத்து எதிரிலேயே உட்கார்ந்தாள். மகள் மாத்திரையைப் பார்த்தாள், முன்னறைப் பக்கம் பார்த்தாள். பிறகு புதிதாகச் சேர்ந்த கூட்டாளியிடம் பேசுவது போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏம்மா, இன்னிக்கு நெஜமாவே முழுங்கணுமா?"