கவிழ்த்து வைத்த நாற்காலிகள்

எகிப்தில், எங்கள் துமியாத்தில் நாற்காலியைக் கண்டதும் யாரும் உட்கார்ந்துவிட மாட்டார்கள். முதலில் தூக்கிக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். மேலே தெரியும் அழகு வெளியூர்க்காரனுக்கு. அடியில் கட்டைகள் சேரும் பொருத்துதான் எங்களுக்கு. பாதி ஊர் தச்சர்கள், மீதி ஊர் தச்சனுக்குப் பெண் கொடுத்தவர்கள், வேறெப்படி இருப்போம்?

நான் தச்சன் இல்லை. கல்யாண மரச்சாமான்களுக்குத் தங்க ரேக்கு ஒட்டுகிறவன். நியாயமாக, நாற்காலி செய்யும் தௌலத்தை நான் வெறுத்திருக்க வேண்டும். அவள் செய்ததில் ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது. செதுக்கிய ரோஜா இல்லை, சிங்கக் கால் இல்லை. என் பிழைப்பில் மண்ணைப் போடவென்றே கெய்ரோவுக்குப் போய்ப் படித்தாயா என்று நேராகவே கேட்டிருக்கிறேன்.

"உக்காருற எடத்துக்குக் கண்ணா இருக்குண்ணே, தங்கத்தப் பாக்க?" என்பாள்.

தகப்பன் இல்லாமல் தாய்மாமன் ஷலபியின் பட்டறையில் வளர்ந்தவள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெண்கள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்துதான் ஒரு புது நாற்காலியை வரைந்தாள். அரை நாள் உட்கார்ந்தாலும் இடுப்பு நோகாத சாய்வு. இருக்கைக்கு அடியில் இரண்டு சட்டங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. தட்டினால் தனித்தனியாகப் பிரிந்துவிடும். முதல் நாற்காலியைக் கவிழ்த்து, மூன்று தடவை பிரித்து மாட்டிப் பார்த்தேன். பொறாமைதான், வேறென்ன.

மன்னர் போய்ப் புது அரசாங்கம் வந்திருந்த நேரம். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எழும்பிக்கொண்டிருந்தன. ஷலபி அந்த நாற்காலியைக் கெய்ரோ கண்காட்சிக்குக் கொண்டுபோய்ப் பதக்கத்தோடு திரும்பினார். அன்று முதல் அதற்குப் பெயர் 'ஷலபி நாற்காலி'. அடியில் அவர் பெயரைச் சூட்டுக்கோலால் பொறித்து நாடு முழுக்க அனுப்பினார்.

தௌலத் பட்டறை நடுவில் நின்று கேட்டாள்.

"மாமா, என் பேரு எங்க?"

"பொம்பளப் பேரு மேல ஊரான் உக்காரணுமா? மானம் போயிரும்டி."

"செஞ்சது நானு. போற மானம் எனக்கே போகட்டும், பேரையும் எனக்கே குடுங்க."

பெயரைக் கொடுக்க மனமில்லாத ஷலபி அவள் வாயைத் தங்கத்தால் அடைக்கப் பார்த்தார். படகு இன்ஜின் மெக்கானிக் வஹீதோடு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கட்டில், சோபா, அலமாரி எல்லாம் தங்க ரேக்கில் செய்து தருவதாகச் சொல்லி வேலையை என்னிடம் கொடுத்தார். வஹீதின் தாய் அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்துவிட்டாள்.

மணப்பெண்ணின் சாமான்கள் மேளத்தோடு வண்டியில் ஊர்வலம் போகும். தெருவே வாசலில் நின்று எடை போடும். அன்று வண்டிகள் பட்டறைக்கு வந்ததும் தௌலத் குறுக்கே நின்றாள்.

"தங்கம் இங்கயே கெடக்கட்டும். பின்கட்டுல நான் செஞ்சு வச்சிருக்கேன், அத ஏத்துங்க. நாற்காலியெல்லாம் கவுத்து வைங்க, கால் மேல பாக்கட்டும்."

"கல்யாணமா தங்கச்சி, இல்ல கடைய காலி பண்றோமா?" என்றான் வண்டிக்காரன்.

ஷலபி கத்தினார். யாரும் அசையவில்லை. முதல் நாற்காலியைத் தூக்கி வண்டியில் வைத்தவன் நான்தான், விரலில் இன்னும் ரேக்கு ஒட்டியிருந்தது. எனக்குக் கோபம். பதக்கம் வாங்கிய மனிதர் அந்தப் பொருத்தை ஒரு தடவையாவது போட்டுக் காட்டட்டுமே!

கடைத்தெருவில் ஒரே சிரிப்பு. "முலாம் பூசுறவன் ஓடிட்டானா? பாதி வேலையிலயே பொண்ண அனுப்புறாங்களே!" பிறகு தச்சர்களின் கண் தானாக இருக்கையின் அடிப்பக்கம் போனது. அதே பொருத்து. பக்கத்தில் சுட்டெழுதிய எழுத்து: 'வரைந்ததும் செய்ததும் தௌலத்'. மேளம் நின்றுவிட்டது. ஒருவர் காப்பிக்கடைக்குள் போய் ஷலபி நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து பக்கத்தில் பிடித்தார்.

"மருமகளுக்குக் குடுக்குற மாமனப் பாத்திருக்கோம். மருமக பேரையே சுருட்டுன மாமன இப்பத்தான்யா பாக்குறோம்!"

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வஹீதின் தாய் இடுப்பில் கைவைத்து நின்றாள். "தங்கம் எங்கடி?"

"மாமா பட்டறையில இருக்கு. வேணும்னா உங்க பிள்ளைய அதக் கட்டிக்கிட்டு வாழச் சொல்லுங்க."

கல்யாணம் நின்றுவிட்டதென்றே நினைத்தேன். வஹீத் வந்தான். ஒரு நாற்காலியை இறக்கி, அடியைப் பார்த்து, தெருவிலேயே நிமிர்த்திப் போட்டான். "திட்டுறத உக்காந்து திட்டும்மா." இடுப்பு வலிக்காரி உட்கார்ந்தாள். மெல்லப் பின்னால் சாய்ந்தாள். கடைசியில், "கீரை ஆய உக்காரக்கூட ஆகாத மாதிரி இருந்துச்சு, பரவால்ல" என்று முனகினாள்.

ஷலபி அசரவில்லை. பதக்கம் சுவரிலேயே தொங்கியது, அவர் முத்திரைதான் நாடெங்கும் போனது. தௌலத், வஹீத் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் முப்பது வருஷம் வேலை செய்தாள்: பள்ளி பெஞ்சு, படகுத்துறை டிக்கெட் மேடை, தொட்டில். ஒரு பத்திரிகையும் எழுதவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனால் ஊர்க்காரன் எவன் பையில் ஆணி இருந்தாலும், எங்கே அந்த நாற்காலியைப் பார்த்தாலும், கவிழ்த்து அவள் பெயரைக் கீறிவிட்டுத்தான் உட்காருவான்.

போன மாதம் அவளை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போனேன். உட்காரச் சொன்னார்கள். கவிழ்த்துப் பார்த்தாள்.

"யாரு இவ்ளோ கோணலா கீறுனது?"

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"ஆணியக் குடுங்கண்ணே."

குனிந்து ஷலபியின் முத்திரையை அழுத்திச் சுரண்ட ஆரம்பித்தாள். நர்ஸ் ஓடி வந்தாள். "அம்மா, அது அரசாங்கச் சொத்து!"

"சொத்து அரசாங்கத்துது. நாற்காலி என்னுது."

சுரண்டி முடித்து, தூசியை ஊதி, நாற்காலியை நிமிர்த்திப் போட்டாள். பிறகு தன் பெயர் மேலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.