அஞ்சலை அத்தை எப்போது இறந்தார்?

போன மாதம் ஈஜோக்கில் எங்கள் குடும்ப ஒன்றுகூடல். ஏற்பாடு, பெரியப்பா மகன் சேகர் அண்ணன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மனிதர் வம்சாவளி தேடுவதில் இறங்கிவிட்டார். மண்டபச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பேனர். மேலே, ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா. கீழே பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று கிளை கிளையாகப் பெயர்கள்.

எல்லோரும் அவரவர் பெயரைத் தேடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். வேறு எதற்குப் போகிறோம்?

அறிமுகமில்லாத ஒரு பெண் மட்டும் பேனர் முன்னால் அசையாமல் நின்றார். ஐம்பதைத் தாண்டியிருப்பார். பெயர் புஷ்பா. அண்ணன் ஃபேஸ்புக்கில் போட்ட அழைப்பைப் பார்த்துவிட்டு கோலா குபு பாருவிலிருந்து வந்திருந்தார்.

"அண்ணே, இங்க ஒன்னு தப்பா இருக்கு."

அவர் காட்டியது தாத்தாவின் மூத்த மகள் பெயரை. அஞ்சலை — இளவயதில் மறைவு.

"தப்பெல்லாம் இல்லலா. நல்லா விசாரிச்சுத்தான் போட்டேன். காய்ச்சல் வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில இறந்துட்டாங்க."

"இல்லண்ணே… அவங்க என் அம்மா. போன வருஷம்தான் தவறுனாங்க."

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த முறை அவர் வாய்வார்த்தையை நம்பவில்லை. புஷ்பா கைப்பையிலிருந்து அம்மாவின் பிறப்புப் பத்திரத்தையும் போன வருடத்து இறப்புப் பத்திரத்தையும் எடுத்து நீட்டினார். தாத்தா பெயர், பாட்டி பெயர், தோட்டத்தின் பெயர்… எல்லாம் சரியாக இருந்தன.

அண்ணன் அரைகுறையாக வேலை பார்ப்பவர் அல்ல. தன் அப்பாவிடம் கேட்டிருந்தார். ரவாங்கில் இருந்த சின்ன அத்தையிடம் கேட்டிருந்தார். என் அப்பாவிடமும் கேட்டிருந்தார். மூவரும் சொன்னது ஒரே கதை. அதே காய்ச்சல், அதே ஆஸ்பத்திரி. மூன்று பேர் ஒன்றுபோல் சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? அந்தக் காலத்து இறப்புப் பதிவு மட்டும் எங்கு தேடியும் அகப்படவில்லை. தோட்டத்து விஷயம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

சாகாதவருக்கு இறப்புப் பதிவு எங்கிருந்து வரும்?

நடந்ததைப் புஷ்பாதான் சொன்னார். அத்தை, ரப்பர் பால் ஏற்ற வந்த லோரி டிரைவரை விரும்பினார். வேறு சாதி. ஒருநாள் அவரோடு போய்விட்டார். தாத்தா சின்னப் பிள்ளைகளிடம், அக்காவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றார். சில நாள் கழித்து, அடக்கம் பண்ணியாச்சு என்று சொல்லித் தலை முழுகிவிட்டார். பாட்டியும் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் எங்கள் மூன்று சாட்சிகள். சாட்சி மூன்று — சொன்ன வாய் ஒன்று.

"உங்கம்மா ஒரு தடவைகூடத் திரும்பி வரலையா?" என்று கேட்டேன்.

"தாத்தா செத்தப்ப வந்தாங்களாம். ரோட்டுல நின்னு பாடையைப் பார்த்துட்டுத் திரும்பிட்டாங்க. தம்பி தங்கச்சிகிட்ட என்ன சொல்லி வச்சிருக்காங்கன்னு அதுக்குள்ள யாரோ சொல்லிட்டாங்க போல. செத்தவ போய் நின்னா புள்ளைங்க பயந்துடாதான்னு கேப்பாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இருப்பது புஞ்சாக் ஆலாமில். வேலை விஷயமாகக் கோலா குபு பாருவுக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! அங்கே பாசாரில் மீன் வாங்கியிருக்கிறேன். பக்கத்தில் நின்று விலை பேசிய அம்மாக்களில் ஒருவர் என் அத்தையாக இருந்திருக்கலாம். அண்ணன் பழைய பதிவுகளில் அவருடைய சாவைத் தேடி அலைந்த நாட்களிலும், அத்தை அங்கே சமைத்துக்கொண்டும் டிவி பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார்.

அப்பா ஓர் ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பாவும் சின்ன அத்தையும் காலமாகிவிட்டார்கள். மிச்சம் அவர் ஒருவர்தான். சொல்லலாமா வேண்டாமா என்று நாங்கள் தயங்கும்போதே புஷ்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, நான் அஞ்சலை மக."

அப்பாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் கேட்டது, "அக்கா எங்க இருந்துச்சு?"

"கோலா குபு பாருலதான் மாமா."

"இவ்ளோ பக்கத்துலயா…?"

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. "என்னை ஞாபகம் இருந்துச்சா அதுக்கு?" என்றார்.

"உங்க பேரைத்தான் மாமா என் தம்பிக்கு வச்சாங்க."

அப்பா, கையில் சோறு காய்ந்துபோகும்வரை புஷ்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் சாடையைத் தேடினாரோ என்னவோ.

பேனரை அண்ணன் திருத்தி அச்சடித்துவிடுவார். அது சுலபம். உங்கள் வீட்டிலும் யாராவது வம்சாவளி தேடுகிறார்களா? மூன்று பேர் ஒரே கதையைச் சொன்னால் குறித்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள் — "இதை உங்களுக்கு யார் சொன்னது?"

அதையும் இந்த வருடமே, சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.