மும்முனைக்காரி

குஞ்சு பொரிப்பகத்தில் என் மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. மும்முனைக்காரி என்றால்தான் தெரியும். அங்கே மூன்று பேஸ் வரும் மும்முனைக் கரண்ட் வேலை முழுக்க அவள் பொறுப்பு; முட்டை தரம் பிரிப்பது என் வேலை. மாமியார் புகழ்கிறாளே என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். நான் சொல்வதைக் கேட்டு எழுதுகிறவரும் இதில் ஒரு சொல் குறைக்கக் கூடாது. அவளைப் போல வேலை தெரிந்த ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

கோடையில் ஒரு காலை டிரான்ஸ்பார்மர் எரிந்துபோய், புதுசு வைத்தார்கள். உள்ளே கேபிளைப் பிரித்து மாட்டியது இவள்தான். சுவிட்சைப் போட்டதும் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றியது. எல்லாருக்கும் உயிர் வந்தது. மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள் உள்ளே இருந்தன, சிலவற்றில் உள்ளிருந்து குஞ்சு கொத்திக் கீறல்கூட விழுந்துவிட்டது. ஆனால் அறையில் சூடு இறங்கவில்லை, ஏறியது.

"ஃபேன்தான் ஓடுதேம்மா?" என்றார் முதலாளி.

அவள் ஃபேன் முன்னால் ஒரு காகிதக் கீற்றை நீட்டினாள். அது அவள் முகத்திலேயே வந்து அடித்தது. வெளி வெயிலை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது ஃபேன்.

"தலைகீழா சுத்துது. ஒயரை நான்தான் மாத்தி மாட்டிட்டேன்" என்றாள், அத்தனை பேர் முன்னாலும்.

மெயினை இறக்கி, மூன்று ஒயரையும் அவசரமாக ஒவ்வோர் இடம் தள்ளி, கடைசியை முதலிடத்தில் மாட்டினாள். காகிதம் மறுபடி முகத்தில். முதலாளி தலையில் கைவைத்தார். மூன்றையும்தான் மாற்றியாயிற்றே, இன்னும் என்ன என்று நானும் சும்மா இராமல் கேட்டேன். அவள் ஒரு கணம் நின்று, தன்னையே நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

"மூணு பேஸும் ஒண்ணா ஏறாது அத்தை, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு ஏறும். மூணு பேர் ஒரே உரல்ல மாத்தி மாத்திக் குத்துற மாதிரி. மூணு பேரும் ஆளுக்கு ஓரிடம் நகர்ந்தா, யாருக்குப் பின்னாடி யாருங்கிறது மாறவா போகுது? ரெண்டு பேர் மட்டும் இடம் மாறணும். அவசரத்துல அதை மறந்துட்டேன்."

மெயினை மறுபடி இறக்கி, சிவப்பையும் மஞ்சளையும் மட்டும் மாற்றினாள். இந்தத் தடவை காகிதம் பறந்துபோய் ஃபேன் வலையில் ஒட்டிக்கொண்டது. சூடு மெல்ல இறங்கியது. மறுநாள் தட்டுத் தட்டாகக் குஞ்சுகள். அந்தக் கீச்சுச் சத்தத்தில் முதலாளி என்ன சொல்லிப் பாராட்டினார் என்பதே எங்களுக்குக் கேட்கவில்லை.

அன்று நானும் அவளும் வீடு திரும்பினால் என் மகன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, சாப்பாடு எப்போது என்றான்.

"நான் இருக்கிற இடத்துலயே இருக்கேன்டா. நீங்க ரெண்டு பேர் மட்டும் இடம் மாறுங்க" என்றேன்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எழுந்து அடுப்படிக்குப் போனான்.