நல்ல தண்ணியும் கணக்கு வகுப்பும்

ஓய்வு பெற்ற மறு வாரமே என் மனைவி பால்காரருக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அவர் அளவு குறைத்து ஊற்றினார் என்பதல்ல. எதிரே யாராவது தப்பாகக் கணக்குப் போட வேண்டும், இவள் திருத்த வேண்டும். அத்தனை வருடம் கணக்கு டீச்சராக இருந்த பழக்கம். பால்காரர் சீக்கிரமே பாக்கெட் பாலுக்கு ஆதரவாகப் பேசத் தொடங்கினார். நான் ஏற்கனவே திருந்தாதவன் என்று கைவிடப்பட்டவன்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகளுக்கு இது புரிந்தது. தன் குடியிருப்பில் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீடியோவில் கணக்கு வகுப்பு என்று பேசி முடித்தாள். ஞாயிறு சாயங்காலம் முதல் வகுப்பு, அங்கே அது காலை நேரம். பெற்றோர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள்; பிடித்தால்தான் தொடரும். மனைவி அன்றைக்கே ஒரு சின்னப் பலகையும் கலர் சாக்பீஸும் வாங்கி வந்து, கண்ணாடி முன் நின்று முக்கோணம் வரைந்து பார்த்தாள். அவள் முகத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஒரே இடைஞ்சல், வைஃபை. மகளோடு பேசும்போது ஒரு நாள் படம் கண்ணாடிபோல வரும்; மறுநாள் மகள் வாயைத் திறந்தபடி உறைந்துபோவாள்.

நான் தொலைபேசிக் கோளாறுப் பிரிவில் இருந்தவன். எந்தக் கோளாறை எந்த வரிசையில் விசாரிக்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. ரூட்டரை அணைத்துப் போட்டேன். அது அலை அனுப்பும் சேனலை மாற்றினேன். பாஸ்வேர்டை மாற்றி, தெருவில் எங்கள் இணைப்பை ரகசியமாக உபயோகிக்கும் கற்பனைத் திருடர்களை விரட்டினேன். கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண் குரல், “சார், ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்றது. நான் பணியில் இருந்தபோது ஊரார்க்குச் சொன்ன அதே வாக்கியம். அன்றுதான் அதைக் கேட்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

எங்கள் வீட்டு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஹாலில் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ரூட்டர். இணைப்புக் கொடுத்தவர் வயரை இழுத்துப் பிடித்து ஆணியடித்துவிட்டதால் அதை ஒரு சாண்கூட நகர்த்த முடியாது. அதற்கு அடுத்து ஒரு குறுகிய நடை, அப்புறம் மனைவியின் அறை. நடையில் இரண்டு தட்டு இரும்பு ஸ்டாண்டில் பிளாஸ்டிக் குடங்கள். வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் போர் தண்ணி உப்பு. குடிக்கவும் சமைக்கவும் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் நல்ல தண்ணிதான். வந்த அன்று குடங்கள் முழுக்க நிறைந்திருக்கும். மறுநாள் சாயங்காலம் பெரும்பாலும் காலி.

அந்த வாரம் தெருவில் எதற்கோ தோண்டி, குழாயை உடைத்துவிட்டார்கள். தண்ணி வரவில்லை. கேன் தண்ணி வாங்கிச் சமாளித்தோம். குழாய் உடைந்த மறுநாள் நான் மறுபடியும் சேனலை மாற்றினேன். அன்று முதல் வைஃபை பறந்தது. தினமும் மகளின் படம் பிசகாமல் வந்தது.

“எப்படி?” என்றேன் மனைவியிடம்.

“பரவாயில்லையே, உங்களுக்கும் ஒரு வேலை தெரியுது” என்றாள். எங்கள் வீட்டில் இது பொன்னாடை போர்த்துவதற்குச் சமம். நானும் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் குழாயில் காற்று சீறியது; பின்னாலேயே தண்ணி. காய்ந்து கிடந்த தெருவே குழாயடியில் நின்றது. மனைவி இருந்த குடம் அத்தனையும் நிரப்பி, பரண்மேல் கிடந்ததையும் இறக்கி நிரப்பினாள். அப்புறம் குளித்து, பட்டுக்கரைப் புடவை கட்டி, வகுப்புக்கு உட்கார்ந்தாள்.

“வணக்கம் பிள்ளைகளா” என்றாள். அதோடு படம் நின்றது.

“என்னங்க! உங்க சேனலு என்னாச்சு?”

நான் ஹாலில் ரூட்டர் முன் மண்டியிட்டேன். செய்யவேண்டிய எல்லாவற்றையும் வரிசைப்படி செய்தேன். அறையிலிருந்து, “கேக்குதா? பாட்டிய தெரியுதா?” என்ற குரல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் சற்றுத் தாழ்ந்து வந்தது. வகுப்பறையில் பெஞ்சு அதிரப் பேசியவள்.

அப்போது அடுத்த வீட்டுப் பெண் வாசலில் இரண்டு காலிக் குடங்களோடு நின்றாள்.

“அண்ணே, ஒத்தக்கடையில ஒரு விசேஷத்துக்குப் போயிட்டேன். வாரதுக்குள்ள தண்ணி நின்னு போச்சு. ரெண்டு குடம் மட்டும் ஊத்திக்கிறேன்.”

இந்த நேரத்திலா என்று பல்லைக் கடித்தேன். அவளை அனுப்பினால் போதுமென்று, “ஊத்திக்கிட்டெல்லாம் இருக்காத, நிறைகுடமாவே தூக்கிட்டுப் போ” என்று ஸ்டாண்டிலிருந்து இரண்டை இறக்கிக் கொடுத்தேன்.

“ஆங், இப்பத் தெரியுறீங்க!” அறையிலிருந்து மனைவி.

நான் அப்படியே நின்றேன். மூன்றாவது குடத்தை இறக்கினேன்.

“இப்ப இன்னும் நல்லாத் தெரியுது. யாரு கண்ணு அது, கடைசியில சிரிக்கிறது?”

வைஃபை அலையைத் தண்ணீர் விழுங்கும் என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் படித்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீர் என் வீட்டு நடையில், பச்சைக் குடத்தில் நிற்கும் என்று பாடத்தில் இல்லை.

“இன்னும் எடுத்துக்கம்மா” என்றேன்.

“அண்ணே, ரெண்டு போதும்ணே.”

“எடும்மா. எம்புட்டு வேணும்னாலும் எடு. உங்க நாத்தனா வீட்டுக்கும் கொண்டு போ.”

நல்ல தண்ணியை இப்படி வாரி வழங்கும் மனிதனை அவள் பார்த்ததில்லை. உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்பதுபோல என்னைப் பார்த்தாள். ஆனாலும் குடத்தை விடவில்லை. நான் இறக்க, அவள் தூக்க, உள்ளே பெஞ்சு அதிரும் குரல் திரும்ப வந்தது. யாரோ ஒரு பிள்ளை தப்பாக விடை சொல்ல, “தப்பு! ரொம்ப நல்ல தப்பு. எல்லாரும் இதைப் பாருங்க” என்றாள். கதவோரம் நின்று கேட்டேன். இப்படி என்னை ஒருநாளும் திருத்தியதில்லை.

வகுப்பு முடிந்து வெளியே வந்தவள் முகத்தில் சாக்பீஸ் பொடி. வெறும் ஸ்டாண்டைப் பார்த்தாள்.

“குடமெல்லாம் எங்க?”

“அடுத்த வீட்டுல.”

“அம்புட்டுமா?”

விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, “அப்ப சேனலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றாள். பொன்னாடை பறிபோனது. காபிக்குத் தண்ணி இல்லாததால் அன்று தெருமுனைக் கடையில் நின்று குடித்தோம். அங்கே நிற்கும்போதுதான் மகள் கூப்பிட்டு, பெற்றோர்கள் வாராவாரம் வகுப்பு கேட்கிறார்கள் என்றாள். மனைவி தம்ளரைக் கீழே வைக்காமல் பத்து நிமிடம் பேசினாள்.

ஸ்டாண்டை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றேன். “நேத்து வந்த ரூட்டருக்காக அதை நகத்த முடியாது” என்றுவிட்டாள். நீள வயருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தக் கம்பெனியிலும் என்னைப் போன்ற ஒருவர் வரிசைப்படி பரிசீலித்துக்கொண்டிருப்பார்.

அடுத்த ஞாயிறு தண்ணி முறை இல்லை; அதற்கடுத்த ஞாயிறு வந்தது. சாயங்காலம் வாசலில் அடுத்த வீட்டுப் பெண், அவள் நாத்தனார், எதிர்வீட்டு அம்மாள், கைகளில் காலிக் குடங்கள்.

“அண்ணே, இன்னைக்கும் அக்காவுக்குக் கிளாஸ் இருக்குல்ல?”