தந்தியில் ஒரு வழக்கு

எங்கள் புறநகரான பிளாட் புஷ்ஷின் மண்டபத்தில் நடந்த பல்லினக் கலைவிழாவில்தான் அந்தச் சீனப் பெண்மணியைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும், குட்டையாக வெட்டிய நரைமுடி. வாசிக்குமுன் வலக்கை விரல் ஒவ்வொன்றிலும் பொய்நகம் வைத்து, டேப்பைப் பல்லால் கடித்துச் சுற்றிக்கொள்வார்.

அவருடைய ஊரில் கதையைப் பாடித்தான் சொல்வார்களாம். தனியாக வழக்காடும் ஒரு விதவையின் கதையை, பாட்டே இல்லாமல் பீப்பா என்ற தந்தி வாத்தியத்துக்கு மாற்றியிருந்தார்.

விழாவை நடத்திய யாழ்ப்பாணத்து அண்ணர் என்னிடம், "பாட்டில்லாமல் கதை ஆருக்கு விளங்கும்? சாப்பாட்டு நேரம். சந்தோஷமா ஏதும் வாசிக்கச் சொல்லுங்கோ தங்கச்சி" என்றார். நான் அதை அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அந்த விதவை நியாயம் கேட்க வந்தவள். உங்கள் சாப்பாட்டுக்குத் துணையாக வரவில்லை" என்றார் அந்தப் பெண்மணி.

தடித்த தந்தியில் நீதிபதி அதட்டினார். மெல்லிய தந்தியில் விதவை பதில் சொன்னாள். மண்டபத்தில் பேச்சு ஓயவில்லை. சட்டென்று தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தினார். எல்லாரும் அடங்கும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதலிலிருந்து தொடங்கி, முழு வழக்கையும் வாசித்து முடித்தார்.

"மனிசி வழக்கில வெண்டிட்டா, என்ன?" என்று அண்ணர் என் காதில் கேட்டார்.

எனக்கோ அவள் தோற்றும் தலைகுனியாமல் வெளியேறியதாகத்தான் கேட்டது. சந்திக்கும் இடத்திலெல்லாம் நானும் அண்ணரும் இன்னும் அதைத் தர்க்கித்துக்கொண்டிருக்கிறோம்.