குப்பை என்று அழித்த கதைகள்

இறந்துபோன என் தம்பி எழுதிய கதைகள், அழித்து அழித்து எழுதக்கூடிய ஒரே ஒரு சிடியில்தான் இருந்தன. அவனுடைய கம்ப்யூட்டர் உப்புக்காற்றில் துருவேறிச் செத்துவிட்டது. புதிது வாங்கி, கதைகளை அதில் ஏற்றித் தரச் சொல்லி, காரைக்காலில் ஒரு சர்வீஸ் கடையில் சிடியைக் கொடுத்தேன்.

"எல்லாம் கெட்டுப்போச்சுக்கா. வெறும் இங்கிலீஷ் எழுத்தா உளறுது, பாருங்க" என்றான் கடைக்காரன். நான் நம்பவில்லை என்றதும் ஒரு பக்கத்தை அச்சடித்துக் கொடுத்தான். போட்டோவாவது வருமா பார்க்கிறேன் என்று சிடியை வைத்துக்கொண்டான்.

கோட்டுச்சேரிமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டு டீச்சர் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கெடலைங்க. உங்க தம்பி டைப் பண்ணுன தமிழ் ஃபாண்ட் அந்தக் கடையில இல்ல. அதைப் போட்டா தமிழாத் தெரியும்."

மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன்.

"குப்பையை அழிச்சிட்டேன்க்கா. சிடி சும்மா கிடக்க வேணாமேன்னு அம்மன் பாட்டு போட்டிருக்கேன். காசு வேணாம்."

"உனக்குப் படிக்கத் தெரியலைன்னா குப்பையாடா?" என்று கடைத்தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"அம்மன் பிடிக்காதா? முருகன் பாட்டு போடட்டா?" என்றான்.

டீச்சர் என் புதுக் கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்டைப் போட்டுக் கொடுத்தார். தாளில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டினேன். தமிழ் வந்தது. மீன் ஏலத்தில் ஏமாற்றிய வியாபாரியின் சட்டையைப் பிடித்து ஒரு பெண் வாயைத் திறக்கிறாள். அதோடு பக்கம் முடிந்துவிட்டது. அவள் என்ன கேட்டாள் என்று இனி யாருக்கும் தெரியாது. அந்தக் கடைக்காரனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.