வாளையாருக்கு அப்பால் கவனிக்க வேண்டியவை

என் அக்காவுக்குக் குருவாயூரில் தாலி கட்டுவதென்று முடிவானது மாப்பிள்ளையின் அம்மா செய்துகொண்ட ஒரு வேண்டுதலால். பல்லடத்திலிருந்து நான்கைந்து மணி நேரப் பயணம். ஆனால் நடுவில் வாளையாரில் ஒரு மாநில எல்லை வருகிறது என்றதும் எங்கள் தாய்மாமா பரபரப்பானார். கோழிப்பண்ணை வைத்திருந்த அவர் முன்பு எப்போதோ பாலக்காட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தார். அதனால் கேரளத்தைப் பற்றிய எல்லா விஷயத்திலும் எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் கடைசி வார்த்தை.

"அம்மணி, நீ டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருக்கயல்ல? நாஞ் சொல்லச் சொல்ல அடிச்சுப்போடு. வாறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு காப்பி குடுக்கோணும்" என்றார்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து, பிரதிகள் எடுக்க ஸ்டென்சில் வெட்டினேன். 'வாளையாருக்கு அப்பால் கவனிக்க வேண்டியவை' என்று தலைப்பு. மொத்தம் பதினான்கு அறிவுரைகள். அங்கே தண்ணீர் குடிக்கக் கூடாது. லாட்ஜ்காரர்கள் சிரித்துப் பேசினால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வழி கேட்கக் கூடாது, கேட்டாலும் அவர்கள் காட்டும் திசையில் போகக் கூடாது. அந்த ஊர் மோட்டா அரிசி நமது வயிற்றுக்கு ஆகாது என்பதால் இரண்டு மூட்டை பொன்னி அரிசியும் ஒரு சமையல்காரரும் பஸ்ஸிலேயே வருவார்கள். இதையெல்லாம் படித்த சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் போவதைப் போலவா கிளம்பினார்கள்? போர்முனைக்குப் போவதைப் போலக் கிளம்பினார்கள். ஒரு அத்தை, தலையணை உறைக்குள் வைத்துக் குளுக்கோஸ் பாக்கெட்டுகளைத் தைத்துக்கொண்டு வந்தார்.

அப்பாவும் அம்மாவும் அக்காவும் முதல் நாளே காரில் போய்விட்டார்கள். நானும் அவர்களோடு போயிருக்க வேண்டியவள். மாமாதான் விடவில்லை. பஸ்ஸில் அறிவுரைகளை ஒருமுறை உரக்கப் படிக்க ஆள் வேண்டுமாம். விடியற்காலை நாலரை மணிக்குப் பஸ் கிளம்பியது. பத்து மணி முகூர்த்தத்துக்கு ஒன்பதுக்கே போய்விடலாம் என்று மாமா கணக்குச் சொன்னார். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருக்க, நான் டிரைவருக்கும் கிளீனருக்கும் பதினான்கையும் படித்துக் காட்டினேன்.

எல்லைக்கு இந்தப் பக்கமே சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அரிசி கடத்தலைப் பிடிப்பதற்கென்றே இருந்த சாவடி அது. அதிகாரி பஸ்ஸுக்குள் ஏறி மூட்டைகளைப் பார்த்தார்.

"ஏனுங்க, கல்யாணத்துக்குப் போறவங்களுக்கு எதுக்குங்க ரெண்டு மூட்டை அரிசி?"

"திங்கறதுக்குத்தானுங்க" என்றார் மாமா.

"அங்க சோறு போட மாட்டாங்களா?"

மாமாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "எல்லாத்தையும் விவரமா எழுதியே வெச்சிருக்கறனுங்க. கண்ணு, சாருக்கு ஒரு காப்பி குடு."

கொடுத்தேன். அதிகாரி நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது அறிவுரையில் அவர் விரல் நின்றது. 'சாவடியில் கேட்டால் அரிசி எதுவும் இல்லை என்று சொல்லவும்.' அடித்தவளும் அன்று காலை உரக்கப் படித்தவளும் நானேதான், ஆனாலும் தாளை நீட்டும்போது எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

"நல்லா டைப் பண்ணியிருக்கீங்க" என்றார் என்னிடம். பிறகு மூட்டைகளை இறக்கச் சொன்னார். எடை போட வேண்டும், மாமா கைப்பட வாக்குமூலம் எழுதித் தர வேண்டும், அதில் மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அவர் எட்டரை மணிக்குத்தான் வருவாராம். நாற்பது பேர் பட்டுச் சேலையும் பட்டு வேட்டியுமாக ரோட்டோரத்தில் நின்றோம். மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன், எந்த அறிவுரையும் இல்லாமல், எங்களைக் கடந்து போனது. உள்ளேயிருந்து யாரோ கையாட்டினார்கள். வழியனுப்ப நிற்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

கையெழுத்து கிடைத்து, மூட்டைகளை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. அதன்பின் திருச்சூரைச் சுற்றி இருபது நிமிடம் அலைந்தோம், வழி கேட்கக் கூடாது என்பதால். குருவாயூரை அடைந்தபோது பன்னிரண்டரை. கோயில் வாசல் மண்டபத்தில் வேறு யாருக்கோ மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கல்யாணம் பத்து மணிக்கே, ஐந்தே நிமிடத்தில் முடிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் அப்பாவைத் தவிர ஆண்பிள்ளை யாரும் இல்லாததால், மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அவர்கள் முதல் நாள் இரவு தங்கிய லாட்ஜின் மேனேஜர். தாய்மாமா நிற்க வேண்டிய இடத்தில், நெற்றியில் சந்தனமும் வாய் நிறைந்த சிரிப்புமாக, அக்காவின் ஆல்பத்தில் இன்றும் அவர்தான் நிற்கிறார்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று அக்கா கேட்டாள். அதுவரை வேடிக்கையாகத்தான் இருந்தது. அவள் கழுத்தில் கிடந்த புதுத் தாலியைப் பார்த்ததும், அது ஏறியபோது நான் பக்கத்தில் இல்லை என்பது உறைத்தது. ஒன்பதாவது அறிவுரையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண் மை கரைந்தது. எனக்கும் கரைந்தது, சிரிப்பினால் மட்டும் அல்ல.

அம்மா சிரிக்கவில்லை. திரும்பும்போது காரை விட்டுவிட்டு எங்கள் பஸ்ஸில் ஏறி, தன் தம்பியான மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாலக்காடு வந்ததும் மாமாதான் தொடங்கினார்.

"நான் பேசுன பேச்சுலதானக்கா அந்த ஆபீசர் வண்டியவே உட்டான். இல்லீன்னா சாயங்காலம் வரைக்கும் நின்னிருப்போம்."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சின்னவளுக்குப் பல்லடத்துலயே பண்ணிப்போடலாம்டா. உன்ற ஊட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. அப்பவாச்சும் வந்து சேருவயான்னு பாப்போம்."